கிறிஸ் டானைப் பார்க்கிறார், டான் நம்மைப் பார்க்கிறார்

ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி 1968-ல் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. பெயர் 'கிறிஸ்டோபர் இஷர்வுட்டும் டான் பக்கார்டியும்'. கிட்டத்தட்ட ஏழடி உயரம், பத்தடி அகலம். அதைக் கைபேசித் திரையில் பார்ப்பது யானையைச் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பது மாதிரிதான். ஆனாலும் கைபேசியில் ஒரு சௌகரியம் உண்டு. கட்டைவிரலை வைத்து ஓர் ஆளை மறைத்துவிடலாம்.

இஷர்வுட்டை மறைத்துப் பாருங்கள். மிஞ்சுகிற டான், பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர் மாதிரி நேராக நம்மைப் பார்க்கிறார். முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. இப்போது விரலை நகர்த்தி டானை மறையுங்கள். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும் வயதானவர் ஒருவர், முகத்தைத் திருப்பி, விரலுக்கு அடியில் இருக்கும் ஆளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். டான் தனியாக இருந்தாலும் படம் நிற்கும். கிறிஸ் தனியாக இருந்தால் நிற்காது. அவர் பார்வைக்கு இன்னொரு ஆள் தேவைப்படுகிறது.

விரலை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தெரியும். தனித்தனியே இரண்டு நாற்காலிகள். பின்னால் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் மூடிய ஜன்னல் கதவுகள். முன்னால் ஒரு தாழ்ந்த மேசை, அதன்மேல் ஒழுங்காக அடுக்கிய புத்தகங்கள், ஒரு பழக்கிண்ணம், ஒரு மக்காச்சோளக் கதிர். அந்தக் கதிருக்கு விரசமான விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. ஹாக்னியின் குறும்பு தெரிந்தவர்கள் அதை முழுக்க மறுக்கவும் மாட்டார்கள். சரி, அது இருக்கட்டும்.

நாற்காலியில் இருக்கும் இருவரும் யார்? கிறிஸ்டோபர் இஷர்வுட் 1904-ல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஒரு பழைய நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்த நாவலாசிரியர். கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் நெருங்கிய நண்பர். அவரோடு சேர்ந்து நாடகங்களும் எழுதியவர். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முந்தைய பெர்லினைப் பற்றி அவர் எழுதிய கதைகள்தான் பிற்பாடு 'கேபரே' என்ற இசை நாடகமாகவும் சினிமாவாகவும் ஆயின. 1939 ஜனவரியில் ஆடனும் அவரும் ஒரே கப்பலில் அமெரிக்கா போய் இறங்கினார்கள். ஆடன் நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார். இஷர்வுட் மேற்குக் கரைக்குப் போய், ஹாலிவுட்டுக்குத் திரைக்கதை எழுதிப் பிழைத்தார்.

டான் பக்கார்டி லாஸ் ஏஞ்சலஸிலேயே பிறந்து வளர்ந்தவர். 1953 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று, அவர்கள் வாழ்க்கை ஒன்றாகத் தொடங்கியது என்று இருவருமே கணக்கு வைத்திருந்தார்கள். அப்போது கிறிஸுக்கு 48 வயது, டானுக்கு 18. முப்பது வருட இடைவெளி. நண்பர்களே முகம் சுளித்தார்கள். இது எத்தனை நாளைக்கு என்று கேட்டவர்களுக்குக் காலம் சொன்ன பதில் 33 வருடம், கிறிஸ் சாகும்வரை.

ஹாக்னி வேறொரு ரகம். 1937-ல் வடக்கு இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்தில் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1964-ல் முதன்முதலாக லாஸ் ஏஞ்சலஸ் போனபோது இஷர்வுட்டைச் சந்தித்தார். வர்க்கத்தில் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதை இஷர்வுட்டே ஒரு வேடிக்கையால் தாண்டிவிட்டார். நமக்குள் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள், கலிபோர்னியா பிடிக்கும், அமெரிக்கப் பையன்களைப் பிடிக்கும், இரண்டு பேருமே வடக்கு இங்கிலாந்துக்காரர்கள் என்கிற அர்த்தத்தில் அவர் சொன்னதை ஹாக்னி பின்னாளில் விரும்பி நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்த ஓவியத்தின் தலைப்பை யாரும் நின்று கவனிப்பதில்லை. இரண்டு முழுப் பெயர்கள், நடுவில் ஒரு 'உம்'. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் எட்டு வருடம் முன்னால் இதே ஹாக்னி எப்படிப் பெயர் எழுதினார் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 1960-ல், லண்டனில் கலை மாணவராக இருந்தபோது, ஒட்டிக்கிடக்கும் இரண்டு உருவங்களை வரைந்தார். உருவங்கள் என்றால் முகமும் கையும் காலும் அல்ல, குண்டுக்கட்டையாக இரண்டு வடிவங்கள். ஒன்றின்மேல் 4.8 என்று எழுதியிருக்கிறது, மற்றதின்மேல் 23.23. ஆங்கில எழுத்து வரிசையில் டி நான்காவது, எச் எட்டாவது. ஆக 4.8 என்பது டேவிட் ஹாக்னி. இருபத்துமூன்றாவது எழுத்து டபிள்யூ. இரண்டு டபிள்யூ சேர்ந்தால் வால்ட் விட்மன், அமெரிக்கக் கவிஞர்.

இந்தச் சங்கேதம் ஹாக்னி கண்டுபிடித்தது அல்ல, விட்மனிடமிருந்தே எடுத்தது. விட்மன் 1865 வாக்கில் வாஷிங்டனில் குதிரை டிராம் வண்டி நடத்துநர் பீட்டர் டாயிலைச் சந்தித்தார். பல ஆண்டுகள் நீண்ட உறவு. தன் குறிப்பேட்டில் டாயிலைப் பற்றி மனம் வெதும்பி எழுதும்போது பெயரைப் போடவில்லை, 16.4 என்று எழுதினார். பி பதினாறாவது எழுத்து, டி நான்காவது. தான் மட்டும் படிக்கிற நோட்டுப் புத்தகத்தில்கூட ஒரு கவிஞர் தன் இணையரின் பெயரை எழுதப் பயந்திருக்கிறார்.

16.4-லிருந்து 4.8 வரை ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள். 4.8-லிருந்து 'கிறிஸ்டோபர் இஷர்வுட்டும் டான் பக்கார்டியும்' வரை எட்டே ஆண்டுகள். இந்தப் படத்தில் இருக்கும் துணிச்சல் அந்த 'உம்'மில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஹாக்னி இங்கே எடுத்துக்கொண்ட அச்சு தம்பதிப் படத்தின் அச்சு. ஐரோப்பிய ஓவியத்தில் அது மிகப் பழையது. 1434-ல் வான் ஐக் வரைந்த அர்னோல்ஃபினி ஓவியத்தில் ஆணும் பெண்ணும் கட்டில் போட்ட ஓர் அறையில் கையைப் பிடித்தபடி நிற்கிறார்கள். 1750 வாக்கில் கெயின்ஸ்பரோ வரைந்த ஆண்ட்ரூஸ் தம்பதி, தங்கள் வயலையும் மரத்தையும் பின்னால் வைத்துக்கொண்டு பெருமையாக நம்மைப் பார்க்கிறார்கள். இந்த மாதிரிப் படங்கள் சொல்ல வருவது ஒன்றுதான்: இவர்கள் ஒரு குடும்பம், இது இவர்கள் சொத்து. ஹாக்னி 1968-ல் கலிபோர்னியாவில் இரண்டு பெரிய இரட்டை உருவப்படங்கள் வரைந்தார். ஒன்று பணக்காரக் கலைச் சேகரிப்பாளர்களான ஃபிரெட், மார்ஷா வைஸ்மன் தம்பதி, தங்கள் சிற்பங்களோடு. மற்றது இது. இரண்டையும் ஒரே வருடத்தில், ஒரே மாதிரிப் பெரிய அளவில், ஒரே மரியாதையோடு வரைந்தார். கட்டியணைப்பது, கண்ணீர், கொடி பிடிப்பது எதுவும் இல்லை. இரண்டு நாற்காலி போட்டு, பழம் வைத்து, புத்தகம் அடுக்கி, ஆற அமர உட்கார வைத்துவிட்டார்.

அந்த நாற்காலியில் உட்கார்வது அப்போது அவ்வளவு சாதாரணம் அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருபத்தோரு வயதைத் தாண்டிய இரண்டு ஆண்கள் தனிமையில் சேர்வது குற்றமல்ல என்று சட்டம் மாறியதே 1967 ஜூலையில்தான். கலிபோர்னியாவில் அதுவும் இல்லை. அங்கே சட்டம் மாறி அமலுக்கு வந்தது 1976 ஜனவரியில். படம் வரையப்பட்ட நாளில் இந்த இருவரின் படுக்கையறை, சட்டப்படி ஒரு குற்றம் நடந்த இடம்.

இஷர்வுட்டுக்கு இதன் விலை புத்தகத்தில் படித்து வந்த அறிவு அல்ல. பெர்லினில் அவருக்கு ஹைன்ஸ் நெடர்மையர் என்று ஒரு காதலர் இருந்தார். ஹிட்லர் வந்ததும் 1933-ல் இருவரும் வெளியேறினார்கள். 1934 ஜனவரியில் ஹைன்ஸை இங்கிலாந்துக்குள் விடாமல் ஹார்விச் துறைமுகத்திலேயே அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். அதற்கப்புறம் மூன்று வருடத்துக்கு மேல் விசா விசாவாக, நாடு நாடாக அலைச்சல். 1937-ல் ஜெர்மனிக்குள் போக நேர்ந்தபோது ஹைன்ஸை ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடித்தது. சிறை, கட்டாய உழைப்பு, ராணுவச் சேவை என்று தண்டனை. கண்ணை எடுத்தால் ஆள் காணாமல் போய்விடுவார் என்பதை ஒருமுறை அனுபவித்தவர்தான், இந்த ஓவியத்தில் டானைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை ஓவியத்துக்குள் ஏற்றிப் படிப்பது கொஞ்சம் அதிகமோ என்று எனக்கே சில சமயம் தோன்றும். ஆனால் தெரிந்த பிறகு, தெரியாத மாதிரிப் பார்க்க முடியவில்லை.

இனி, படம் உருவான விதம். இருவரையும் அவர்கள் வீட்டிலேயே, சாண்டா மோனிகாவில் கடலைப் பார்த்த மேட்டில் இருந்த அந்த வீட்டில், ஹாக்னி உட்கார வைத்துக் கோட்டோவியங்கள் போட்டார், நிறைய போட்டோ எடுத்தார். எப்படி உட்கார வைப்பது என்று அவர் முன்கூட்டியே முடிவு செய்யவில்லை. சும்மா இயல்பாக இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கவனித்தார். அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் கிறிஸ் ஒரு காலைத் தூக்கி முழங்கால்மேல் போட்டுக்கொண்டு டான் பக்கம் திரும்பினாராம். டான் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை, ஹாக்னியையே பார்த்தாராம். சரி, அப்படியானால் அதுதான் படம் என்று ஹாக்னி முடிவு செய்தார். அவர் தன்வரலாற்றில் சொல்லியிருப்பது இது.

இதில் ஒரு சின்ன விஷயம் ஒளிந்திருக்கிறது. டான் ஏன் ஹாக்னியைப் பார்த்தார்? இளைஞரின் தன்முனைப்பு என்று சிலர் எழுதுகிறார்கள். கிறிஸின் அன்பை அவர் பொருட்படுத்தவில்லை என்று இன்னும் சிலர். இரண்டையும்விட எளிய காரணம் ஒன்று இருக்கிறது. டானும் ஓவியர், அதிலும் உருவப்பட ஓவியர். கிறிஸ் தூண்டிப் பணமும் கொடுத்து, அவர் லாஸ் ஏஞ்சலஸில் ஷுனார்ட் கலைக் கல்லூரியிலும், அப்புறம் லண்டனில் ஸ்லேடு பள்ளியிலும் படித்தார். 1961-ல் லண்டனில் முதல் கண்காட்சியும் வைத்தார். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணை விடாமல் பார்ப்பதுதான் அவர் தொழில். அப்படிப்பட்டவர் முன்னால் இன்னொரு ஓவியர் பென்சிலை எடுத்தால் அவர் எங்கே பார்ப்பார்? தச்சர் இன்னொரு தச்சர் வீட்டுக்குப் போனால் கதவைத் தடவிப் பார்க்கிற மாதிரிதான் இதுவும்.

அதோடு, அந்தப் பார்வைக்குப் பின்னால் பதினைந்து வருடக் கோபமும் கொஞ்சம் உண்டு. கிறிஸின் நண்பர்கள் எல்லாம் பிரபலங்கள். அவர்கள் வீட்டு விருந்துகளில் பேச்சு டானின் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. கூட வந்த பையன் என்கிற இடம்தான் அவருக்கு. லாஸ் ஏஞ்சலஸ்காரரான அவர் பேச்சு, போகப் போகக் கிறிஸின் ஆங்கிலேய உச்சரிப்பாகவே மாறிப்போனது. அவரைச் சந்தித்தவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். இன்னொருவருடைய குரலில் பேசுகிறவர் தன் முகத்தையாவது தன்னுடையதாக வைத்துக்கொள்ள நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. 1963 வாக்கில் இருவரும் பிரிந்துவிடும் நிலைக்கே வந்தார்கள். டான் போய்விட்டால் தன் நாள் எப்படி இருக்கும் என்ற பயத்தில்தான், துணையை இழந்த ஒரு பேராசிரியரின் ஒரே ஒரு நாளைச் சொல்லும் 1964-ம் வருட நாவலை கிறிஸ் எழுதினார் என்று சொல்வார்கள். அந்த நாவலுக்கு 'எ சிங்கிள் மேன்' என்று தலைப்பு எடுத்துக்கொடுத்தவர் டான்தான்.

ஓவியத்துக்குத் திரும்புவோம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே டான் லண்டன் போய்விட்டார். சில நாள் பயணம் என்றுதான் பேச்சு. ஆனால் நாட்கள் நீண்டன. கிறிஸ் மட்டும் தனியாக மாடலாக உட்கார்ந்தார். அதாவது, படத்தில் பக்கத்து நாற்காலியை அவர் அவ்வளவு கவனமாகப் பார்க்கிறாரே, அந்த இடம் அப்போது காலி. டானின் முகத்தை ஹாக்னி போட்டோக்களை வைத்தே முடிக்க வேண்டியிருந்தது.

உட்கார்ந்திருந்த நேரத்தில் கிறிஸ் ஹாக்னிக்கு அறிவுரையும் சொன்னார். நண்பர்களை ரொம்பக் கட்டிப்போடாதே டேவிட், அவர்களைச் சுதந்திரமாக விடு என்று. பிறகு ஹாக்னி இதை எழுதும்போது, டான் அவ்வளவு நாள் திரும்பாமல் இருந்தது கிறிஸுக்கு உள்ளுக்குள் வலித்திருக்கும் என்றே தனக்குத் தோன்றியதாகச் சேர்த்துக்கொள்கிறார். அறிவுரை சொல்கிறவர் யாருக்குச் சொல்லிக்கொள்கிறார் என்பது எதிரில் தூரிகையோடு இருந்தவருக்குத் தெரிந்துவிட்டது.

இந்தத் தகவல் தெரிந்த பிறகு படத்தை மறுபடி பார்த்தால் இரண்டு முகங்களும் இரண்டு வேறு விதமாக இருப்பதன் காரணம் விளங்கும். ஒன்று, எதிரில் இருந்த ஆளைப் பார்த்து, பல அமர்வுகளில், உயிரோடு வரைந்தது. மற்றது, ஒரு நொடியில் கேமரா பிடித்த முகத்தை மறுபடி கான்வாஸுக்குக் கொண்டுவந்தது. டானின் முகம் கொஞ்சம் உறைந்தாற்போல் இருப்பதை அவர் சுபாவம் என்று நினைத்துவிடுகிறோம். பாதி, ஃபிலிமின் சுபாவம். இதில் உள்ள வேடிக்கை என்னவென்றால், தொழில்முறை ஓவியரான பிறகு டான் போட்டோவைப் பார்த்து உருவப்படம் வரைகிற ஆளே அல்ல. ஆள் எதிரில் உட்கார வேண்டும், ஒரே அமர்வில் முடிக்க வேண்டும், முடிந்ததும் உட்கார்ந்தவரே அதில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுத வேண்டும். இது அவர் வைத்துக்கொண்ட விதி. அப்படிப்பட்டவரின் மிகப் பிரபலமான உருவப்படம் போட்டோவைப் பார்த்து வரையப்பட்டது.

ஹாக்னியை யதார்த்த ஓவியர் என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. 1967-க்குப் பிறகு ஏழெட்டு வருடம் அவர் அந்த வழியில் வெகுதூரம் போனார் என்பதே சரி. நல்ல பென்டாக்ஸ் கேமரா ஒன்று வாங்கினார். எண்ணெய் வண்ணத்தை விட்டு அக்ரிலிக்குக்கு மாறியிருந்தார். எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும், ஒரு நிறத்தை இன்னொன்றில் கரைத்துக் கன்னத்தின் நிழலை மெல்ல மெல்லக் கொண்டுவரலாம். அக்ரிலிக் நிமிடங்களில் காய்ந்துவிடும். கரைப்பதற்கு நேரம் கொடுக்காது. தட்டையான, சுத்தமான நிறப் பரப்புகளுக்குத்தான் அது பொருத்தம். கலிபோர்னியாவின் வெயிலும் அப்படித்தான், பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் விளிம்போடு வெட்டிக் காட்டும். அதனால்தான் இந்த அறையின் சுவர் ஒரு நாடக மேடையின் பின்திரை மாதிரி தட்டையாக நிற்கிறது. முகங்களும் கைகளும் மட்டும் கனமாகத் தெரிகின்றன.

இந்த வழி அவரை மூச்சுமுட்ட வைத்தும் விட்டது. 1970-71-ல் வரைந்த கிளார்க் தம்பதியின் படம் பிரிட்டனில் எல்லாருக்கும் தெரிந்த ஓவியமாகிவிட்டது. அதில் பெண் நிற்கிறார், ஆண் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், மடியில் பெர்சி என்கிற பூனை. அந்தப் பூனையின் நிஜப் பெயர் பிளான்ச். பெர்சி அவர்களுடைய இன்னொரு பூனை, பெயர் நன்றாக இருக்கிறது என்று ஹாக்னி மாற்றிவிட்டார். யதார்த்தம் எவ்வளவு தூரம் என்பதற்கு இது போதும். அந்தத் தம்பதி 1974-ல் பிரிந்தார்கள். 1972-ல் தொடங்கிய ஜார்ஜ் லாசன், வெய்ன் ஸ்லீப் என்ற இருவரின் படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி, முடியாமல் 1975-ல் கைவிட்டார். அச்சாக வரைவதே தன்னைக் கட்டிப்போடுகிறது என்று சலித்துப்போனார்.

இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே சூத்திரம் ஓடுவதைக் கவனிக்கலாம்: ஒருவர் பார்ப்பார், மற்றவர் அவரைத் திருப்பிப் பார்க்க மாட்டார். 1969-ல் வரைந்த படத்தில், அருங்காட்சியகக் காப்பாளர் ஹென்றி கெல்ட்சாலர் சோபா நடுவில் மகாராஜா மாதிரி உட்கார்ந்து நம் பக்கம் பார்க்கிறார். அவர் இணையர் கிறிஸ்டோபர் ஸ்காட் மழைக்கோட்டோடு பக்கவாட்டில் நிற்கிறார், இப்போதுதான் வந்தவரா, கிளம்பப் போகிறவரா என்று தெரியாமல். 1972-ல் நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்று, தண்ணீருக்கடியில் நீந்துகிறவரைக் குனிந்து பார்க்கும் பீட்டர் ஷ்லெசிங்கர். 2018-ல் ஒன்பது கோடி டாலருக்குமேல் ஏலம்போனது அந்தப் படம்தான். பீட்டர் யார் என்றால், 1968-ல் கிறிஸ் அந்த அறிவுரையைச் சொன்னபோது ஹாக்னியோடு வாழ்ந்துகொண்டிருந்த இளைஞர். 1971-ல் பிரிந்துபோனார். அறிவுரை உரிய காலத்தில்தான் சொல்லப்பட்டது. உதவியதாகத் தெரியவில்லை.

கிறிஸின் வாழ்க்கையில் நம் பக்கத்து வாசகர்கள் நின்று பார்க்கக்கூடிய ஒரு திருப்பமும் உண்டு. அமெரிக்கா போன வருடமே அவர் ஹாலிவுட்டில் இருந்த ராமகிருஷ்ண மடத்துத் துறவி சுவாமி பிரபவானந்தரைச் சந்தித்தார், பிறகு அவருடைய சீடரானார். 1943-லிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கித் துறவியாக முயன்றார். முடியவில்லை. ஆனால் குருவை விடவும் இல்லை. இருவரும் சேர்ந்து மொழிபெயர்த்த பகவத் கீதை 1944-ல் வந்தது. ராமகிருஷ்ணரின் வாழ்க்கை வரலாற்றை கிறிஸ் எழுதி 1965-ல் வெளியிட்டார். ஓவியத்துக்கு மூன்றே வருடம் முன்னால். பற்றறுத்துச் செயல்படு என்கிற நூலை மொழிபெயர்த்தவர், பக்கத்து நாற்காலியிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். முரண்பாடு என்று சொல்லலாம். தான் எதை விட முடியவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதியவர் அவர் என்பதால், எனக்கு அது முரணாகப் படவில்லை.

படம் முடிந்த பிறகும் ஹாக்னி இந்த இருவரையும் விடவில்லை. 1976-ல் கல்லச்சில் வரைந்தார். 1982 மார்ச்சில் போலராய்டு கேமராவோடு வந்து, துண்டு துண்டாகப் பல படங்கள் எடுத்து, ஒட்டுப் போட்ட மாதிரி சேர்த்து இருவரின் உருவத்தை உண்டாக்கினார். ஒற்றைக் கண் கேமரா தன்னை மாட்டிவிட்டது என்ற கோபத்தில் அவர் கண்டுபிடித்த மாற்று வழி அது. அதற்குள் டானும் பெயர் பெற்றுவிட்டார். கலிபோர்னியா ஆளுநராக இருந்த ஜெரி பிரவுனின் அதிகாரபூர்வ உருவப்படத்தை 1984-ல் வரைந்தவர் டான்தான். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் சட்டமன்றக் கட்டடத்தில் அது தொங்குகிறது. மற்ற ஆளுநர்களின் அடக்கமான படங்களுக்கு நடுவே அது ஒரு மாதிரி துள்ளிக்கொண்டு நிற்கும். பார்த்தவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. கிறிஸும் டானும் போன்ற இருவர் தனிமையில் சேர்வதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்த சட்டத்தில் 1975-ல் கையெழுத்திட்டவர் இதே ஜெரி பிரவுன்.

1981-ல் கிறிஸுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 1985-ன் பிற்பாதியில் அவர் வீட்டிலேயே படுக்கையில் விழுந்தார். டான் மற்ற மாடல்களை எல்லாம் நிறுத்திவிட்டு, கிறிஸை மட்டும் வரையத் தொடங்கினார். அநேகமாக ஒவ்வொரு நாளும். கறுப்பு அக்ரிலிக், தூரிகை, பெரிய தாள். வலியில் முனகுகிற நாளும், தூங்குகிற நாளும், யார் வரைகிறார் என்றே தெரியாத நாளும் அந்தத் தாள்களில் இருக்கின்றன. பலவற்றில் கிறிஸ் டானைப் பார்க்கவில்லை. கண் வேறெங்கோ இருக்கிறது, அல்லது மூடியிருக்கிறது. பார்ப்பது முழுக்க டானின் வேலையாகிவிட்டது.

1986 ஜனவரி 4 அன்று கிறிஸ் இறந்தார். டான் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. உடலை எடுத்துக்கொண்டு போகும்வரை மணிக்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தார். வழக்கமாக, படம் முடிந்ததும் தாளைத் திருப்பி மாடலின் கையில் பேனாவைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்பார். அன்றைக்கு முடித்த தாள்களுக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை.